புயலுக்கு முந்தின நாளில் வாருங்கள்

(மருத்துவமனையின் ஊழியத்தைத் தாங்குவோருக்கான வருடாந்தரக் கூடுகையில், சமுதாய மருத்துவப் பிரிவின் மூத்த செவிலியர் ஆற்றிய உரை)

நீங்கள் மாதந்தோறும் தவறாமல் அனுப்பும் காணிக்கை எத்தனை படுக்கைகளைத் தாங்குகிறது என்பதை வார்டில் வேலை செய்கிற நாங்கள் அறிவோம். அதற்காக முதலில் நன்றி சொல்லுகிறேன்.

ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் நம் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். "சிஸ்டர், நாங்கள் பத்துப் பேர் வேனில் புறப்பட்டு வருகிறோம். எங்கே வரட்டும்?" என்று கேட்பார்கள். இன்னும் சிலர் தயங்கித் தயங்கி, "நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. என்னால் என்ன முடியும்?" என்பார்கள். இரண்டு கேள்விகளும் அன்பினால் பிறந்தவை. அந்த இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். உங்களால் மிகுதியாக முடியும். ஆனால் புயலுக்கு மறுநாள் வராதீர்கள், புயலுக்கு முந்தின நாட்களில் வாருங்கள்.

முதலாவது, ஆபத்து நாளில் முதலில் வந்து சேருகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அரசாங்கம் வரும், இராணுவம் வரும், நாமும் வருவோம். ஆனால் அதற்குச் சில மணி நேரம் ஆகும்; சில வேளை ஒரு நாளும் ஆகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தென்னையும் புளியமரமும் மின்கம்பமும் சாலைகளின் குறுக்கே விழுந்து கிடந்தன. மரத்தை அறுத்து வழி திறந்தால்தான் ஆம்புலன்ஸ் ஊருக்குள் போகலாம் என்ற நிலை. பல இடங்களில் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியவர்கள் அந்தந்த ஊர் வாலிபர்களே. உலகில் எங்கே பூமி அதிர்ந்தாலும், கடல் பொங்கினாலும் இதுதான் கதை. இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோரை எடுப்பது அடுத்த வீட்டுக்காரரின் கைகளே.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டியதை வேதத்தில் வாசித்திருக்கிறோம். அங்கே பலர் தங்கள் சொந்த வீட்டு வாசலுக்கு நேரே இருந்த பகுதியையே பழுதுபார்த்தார்கள். பொற்கொல்லரும் பரிமளத் தைலம் செய்கிறவரும் வியாபாரியும் அந்த வேலையில் இருந்தார்கள். கொத்தனார்கள் மட்டும் கட்டிய மதில் அல்ல அது. ஆபத்து நாளின் வேலையும் அப்படிப்பட்டதே.

இரண்டாவதாக, ஆபத்து நாளில் உதவுவது எது? சாதாரண நாட்களில் பழக்கத்தில் இருப்பதே. இதற்கு ஒரு சாட்சி புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ கிராமம். அங்கே டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையத்தை நடத்திவந்தது. கடலின் நிலையை நாள்தோறும் ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர் மகன் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் அந்த மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, எல்லோரும் ஓடும்படி ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினார்கள். அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். நல்லவாட்டின் ஒலிபெருக்கி சுனாமிக்கென்று வாங்கிய கருவி அல்ல என்பதைக் கவனியுங்கள். ஊர் தினமும் கேட்டுப் பழகிய குரல் அது. ஆகவே அது ஓடச் சொன்னபோது மக்கள் ஓடினார்கள்.

மூன்றாவதாக, பயிற்சி இல்லாத ஆர்வத்தைக் குறித்து ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். 1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோ நகரில் பெரும் பூகம்பம் உண்டானது. பயிற்சி எதுவும் பெறாத சாதாரண மக்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து 800-க்கும் மேற்பட்டோரை உயிரோடு மீட்டார்கள். ஆனால் மீட்கப் போனவர்களிலேயே சுமார் நூறு பேர் மாண்டுபோனதாகப் பயிற்சி நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்த அனுபவத்தைக் கண்டு வந்த பின்புதான் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்புத் துறை, அக்கம்பக்கத்தாருக்கே முதலுதவியும் மீட்பு வேலையும் கற்றுக்கொடுத்துக் குழுக்களாக அமைக்கத் தொடங்கியது. அவர்களுடைய முதல் பாடம் என்ன தெரியுமா? நீ இன்னொரு நோயாளியாக மாறிவிடாதே என்பதே.

ஹைட்டி நாட்டின் செய்தி இதைவிட வேதனையானது. 2010 ஜனவரியில் அங்கே பூகம்பம். அதே ஆண்டு அக்டோபரில் காலரா பரவத் தொடங்கியது. உதவிக்கென்று வந்திருந்த ஐ.நா. அமைதிப் படையினரின் முகாமிலிருந்து கழிவுநீர் ஆற்றில் கலந்ததே காரணம் என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2016-இல் ஐ.நா. பொதுச் செயலர் அந்நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். உதவப் போகிறவர் தன் கழிப்பிடத்தைக்குறித்தும் யோசித்தாக வேண்டும். இன்று உலக சுகாதார நிறுவனம் அவசரகால மருத்துவக் குழுக்களிடம் எதிர்பார்ப்பது இதையே: தங்கள் உணவு, குடிநீர், தங்குமிடம், கழிவு அகற்றல் யாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும், ஏற்கெனவே நொந்துபோன ஊருக்குப் பாரமாகக் கூடாது.

நம் ஊர் உதாரணமும் உண்டு. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. கடற்கரை மக்கள் அவற்றை உடுத்த விரும்பவில்லை. சாலையோரங்களில் அவை மலைபோல் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. அவற்றை அகற்றுவதே தனி வேலையாயிற்று. அனுப்பியவர்களின் அன்பில் குறை சொல்லுவதற்கில்லை. என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இல்லாமற்போனதே குறை.

அப்படியானால் டாக்டர் அல்லாதவரால் என்ன முடியும்? இதற்குப் பதிலாக 1971-ஆம் ஆண்டின் செய்தி ஒன்றைச் சொல்லுகிறேன். வங்கதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் எல்லையில் உள்ள பன்கான் என்ற ஊரின் சிறிய மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு தீர்மானம் எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலம் கட்டி, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் வாய்வழியே கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் யார்? நோயாளிகளின் தாய்மாரும் சகோதரரும் உறவினரும். டம்ளரும் பொறுமையுமே அவர்களிடம் இருந்த கருவிகள். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் மாண்டுகொண்டிருந்த இடத்தில், அந்தக் குழுவின் பராமரிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவானவர்களே மாண்டார்கள்.

அன்பானவர்களே, உப்பின் அளவை வரையறுத்தது டாக்டரின் அறிவு. வாய்க்குள் ஊற்றியது வீட்டாரின் கை. இரண்டில் எது குறைந்திருந்தாலும் அந்த மக்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். தொண்டர் என்பவர் அரைகுறை டாக்டர் அல்ல. ஒரு சிறு வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டு, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் அதைச் செய்கிறவர்.

இப்படிப்பட்டவர்களை ஒரு நாடு முழுவதும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை வங்கதேசம் காட்டியிருக்கிறது. 1970 நவம்பரில் அங்கே வீசிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் கிராமத் தொண்டர் அமைப்பு ஒன்று தொடங்கிற்று. கொடி ஏற்றுவது, மெகாபோனில் அறிவிப்பது, முதியோரையும் கர்ப்பிணிகளையும் புயல் காப்பகத்துக்கு அழைத்துச் செல்வது, முதலுதவி செய்வது என்று ஆளுக்கொரு வேலை. இன்று அதில் சுமார் 76,000 தொண்டர்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2007-இல் சிதர் என்ற கடும் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துக்கமே. ஆயினும் மூன்று லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே! நம் ஒடிசாவிலும் 1999 புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் பைலின் புயலுக்கு முன் ஏறத்தாழ பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தியதால் இறந்தவர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே நின்றது. வானிலை அறிவிப்பும் காப்பகக் கட்டடங்களும் அவசியமே. ஆனால் படுத்த படுக்கையாயிருக்கும் பாட்டியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டுமே!

நம் இந்தியாவிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 முதல் "ஆப்த மித்ரா" என்ற திட்டத்தின் மூலம் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. உங்கள் ஊரில் அப்படிப் பயிற்சி பெற்றவர் இருந்தால் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். நமக்கென்று தனிக் கொடி தேவையில்லை.

இனி, நம் சுற்றுப்புறக் கிராமங்களில் நம் தொண்டர்கள் செய்யவேண்டிய வேலைகள் எவை என்று சொல்லுகிறேன்.

ஒன்று, பட்டியல் எடுப்பது. ஒவ்வொரு ஊரிலும் மாதம் நிறைந்த கர்ப்பிணிகள் யார், இன்சுலின் போடுகிறவர் யார், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், காசநோய் மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் தினமும் சாப்பிடுகிறவர் யார், எழுந்து நடக்க முடியாதவர் யார் என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் கர்ப்பிணிகளை மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அனுப்பலாம்; மாத்திரைகளைக் கூடுதலாக வாங்கி வைக்கலாம். மின்சாரம் பல நாள் இல்லாமற்போனால், இரண்டு மண்பானைகளுக்கு இடையே ஈர மணல் இட்டு உள்பானையில் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கக் கற்றுக்கொடுக்கலாம். பேனாவும் நோட்டும் காப்பாற்றும் உயிர்களை எந்தப் பத்திரிகையும் படம் எடுக்காது; ஆனாலும் அவை உயிர்களே.

இரண்டு, தண்ணீர். வெள்ளம் வடிந்த கிணற்றிலும் கைப்பம்பிலும் குளோரின் இட்டு, அரைமணி நேரம் பொறுத்தே குடிக்கவேண்டும். வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உடனே ஓ.ஆர்.எஸ். கொடுக்கவேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. ஆகையால் அளவைக் கையால் செய்துபார்த்துப் பழகவேண்டும்.

மூன்று, பாம்புக்கடி. வெள்ளத்தில் பாம்புகளும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வருகின்றன. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசையாதபடி வைத்து, மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த மருந்து தயாரிப்பதற்குத் தேவையான விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பல ஆண்டுகளாக எடுத்துக்கொடுத்து வருகிறார்கள். நமக்கு முன்னே எத்தனையோ பேர் தங்கள் பங்கைச் செய்து முடித்திருக்கிறார்கள். கடைசி ஐந்து மைல் தூரம் தூக்கிவருவது மாத்திரமே நம் பங்கு.

நான்கு, மரித்தவர்களைக் கனம்பண்ணுவது. பேரிடரில் காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அந்தப் பயத்தினால் சுனாமியின்போது அநேகரை அடையாளம் காணுமுன்னே அவசரமாகப் புதைத்தார்கள். பின்பு தேடி வந்த தாய்க்குக் காட்ட ஒரு கல்லறையும் இல்லை. கையுறை அணிந்து, உடலுக்கு ஓர் எண் கொடுத்து, புகைப்படம் எடுத்து, உடையையும் நகையையும் எழுதி வைத்து, அதிகாரிகளிடம் ஒப்படைக்கத் தொண்டர்கள் துணை செய்யலாம். இது உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யும் மருத்துவம்.

ஐந்து, துக்கத்தில் இருப்பவரோடு உட்காருவது. அதிகம் பேசாமல், "ஏன் நடந்தது" என்று விளக்கம் சொல்லாமல், சாப்பிட வைத்து, உறவினரோடு சேர்த்துவைத்து, உறக்கமின்றித் தவிப்பவரை மருத்துவரிடம் அழைத்துவருவது. இதற்கும் பயிற்சி உண்டு. சும்மா உட்காருவது எளிதல்ல என்பதை வார்டில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

தொண்டர்களாக வர விரும்புவோருக்குச் சில நிபந்தனைகளையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். குழுத் தலைவரின் சொல்லுக்குக் கீழ்ப்படியவேண்டும்; "வீட்டுக்குப் போ" என்றாலும் போகவேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கவேண்டும். மூன்று நாளுக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் தன் பையில் இருக்கவேண்டும். பாதிக்கப்பட்டவர்களோடு நின்று புகைப்படம் எடுக்கக்கூடாது.

இன்னொன்றை நம் நடுவே மனம்விட்டுப் பேசவேண்டும். செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும், அவற்றில் கிறிஸ்தவ நிறுவனங்களும், 1994-இல் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. உதவி தேவையின் அளவுக்கே கொடுக்கப்படும்; எந்த அரசியல் கட்சிக்கும் எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க அது பயன்படாது என்பது அதன் சாரம். நம் தொண்டர்கள் அதைக் கைக்கொள்ளவேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு துண்டுப்பிரதி போகாது. பசித்தவனுடைய பசியை நாம் தூண்டில் ஆக்கக்கூடாது. நம் அன்புக்கு நம் வேலையே சாட்சி சொல்லட்டும். அதுபோலவே, சுனாமி நிவாரணத்தின்போது தலித் மக்களும் கடலோர விவசாயக் கூலிகளும் பல இடங்களில் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். ஆகவே நம் நோட்டுப் புத்தகம் சேரியிலிருந்து தொடங்கட்டும். கடைசித் தெருவின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் கேட்கலாம். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் டாக்டர் மேபல் ஆரோலேயும் 1970-இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட ஜாம்கேட் பகுதிக்குப் போனார்கள். கிராமங்களே தெரிந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அந்தப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்தார்கள், தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தார்கள். குழந்தை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1979-இல் அத்தம்பதியருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எழுத்தறியாத பெண்கள் செய்ததை நம்மால் செய்யமுடியாதா?

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, ஒவ்வொரு சபையும் தன் ஊரிலிருந்து இரண்டு பேரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, மழைக்காலத்துக்கு முன்பே பயிற்சிக்கு அனுப்புங்கள். நம் ஊரில் வேறு மதத்தவர் வர விரும்பினால் அவர்களையும் அழைத்து வாருங்கள். இரண்டாவது, கொடுக்கிறவர்கள், புயல் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபின் அல்ல, ஆனி ஆடி மாதங்களிலேயே கொடுங்கள். அந்த ரூபாயில் கையுறையும் குளோரினும் ஸ்ட்ரெச்சரும் வாங்கி ஊரில் வைக்கலாம். பயிற்சிக்கு வரும் கூலித் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை ஈடுகட்டலாம். மூன்றாவது, உங்கள் வீட்டுச் சுவரில் இந்த எண்களை எழுதி வையுங்கள்: ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

பயிற்சியில் கலந்துகொண்ட அநேகருக்குப் பல ஆண்டுகள் புயலே வராமற்போகலாம். அவர்கள் நேரம் வீணானதா? இல்லை. சாலையில் அடிபட்டவரின் இரத்தத்தை நிறுத்தவும், வயிற்றுப்போக்கால் துவண்ட அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கரைசல் கொடுக்கவும், பாம்பு கடித்தவரைச் சரியாகத் தூக்கிவரவும் அவர்கள் கற்றிருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் இருக்கும் ஊர், புயல் வராத ஆண்டிலும் பாதுகாப்பான ஊர்.

வாசலில் உள்ள மேஜையில் பெயர் பதிவு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது தயவுசெய்து ஒரு நிமிடம் நின்று, உங்கள் பெயரையோ, உங்கள் ஊரில் இதற்குத் தகுதியான ஒருவரின் பெயரையோ எழுதிச் செல்லுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.